வாலில் வரும் ‘ண்டாம்’

எனக்கு நீந்தத் தெரியாது. ஒரு பக்கம் கடலும், திரும்பின பக்கமெல்லாம் குளமும் கால்வாயுமாகக் கிடக்கிற நாஞ்சில் நாட்டில் பிறந்து, நாற்பத்தாறு வயதுவரை மழையில் தவிர வேறெங்கும் தலை நனையாமல் சமாளித்தவன் நான். அதில்கூட வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாலு பேர் பார்க்க, ஒருவர் என்னிடம், “தம்பிக்கு நீச்சல் தெரியும்லா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போன்ற சிரிப்பு.

பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுத்தில் இல்லாத ஒப்புதல் செல்லாது என்று தினமும் பத்துப் பேருக்காவது புத்தி சொல்கிறவன். அந்தச் சிரிப்பு செல்லுபடியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து, தலையில் கொம்பும் பின்னால் வாலுமாக, ஒரு பாறைமடையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பச்சையாகத் தண்ணீர்.

கேட்டவர் டைரக்டர். பெயர் சொல்ல மாட்டேன்; சொன்னால் அவரிடம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்ட பாதி மாவட்டம் எனக்குப் போன் செய்யும். இருபது வருடம் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீடு புகுதல் என்று எடுத்துத் தள்ளிய பிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்குப் பேய்ப்படம் எடுக்கும் ஆசை வந்தது. பெரிய பேய் அல்ல. முழங்கால் உயரத்தில் வந்து, அடுப்பில் மண் போட்டு, வேட்டியை உருவிக்கொண்டு ஓடும் குட்டிச்சாத்தான்கள். படத்தின் பெயர் ‘எட்டுக் குட்டிகள் – பாகம் இரண்டு’. முதல் பாகத்தை நான் பார்க்கவில்லையே என்று கொஞ்சம் குற்ற உணர்வோடு சொன்னேன்.

“முதல் பாகம் கிடையாது தம்பி. முதல் பாகம்னா எவன் பாப்பான்? ரெண்டாம் பாகம்னா, ஓகோ, ஏற்கெனவே ஓடின படமாக்கும்னு வருவாவ.”

இந்த வாதத்துக்கு எதிராக இன்றுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய புத்தியைப் பற்றியல்ல, பேச்சைப் பற்றி. எங்கள் பக்கத்தில், அதிலும் மேற்கே போகப் போக, ‘வேண்டாம்’ என்ற சொல் தனியாக நிற்காது. சுருங்கி ‘ண்டாம்’ ஆகி, வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். போக வேண்டாம் என்பது ‘போவண்டாம்’. தின்ன வேண்டாம் என்பது ‘தின்னண்டாம்’. மற்றவர்கள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அவர் அப்படியல்ல. வினைச்சொல்லை முழக்கமாகச் சொல்லி நிறுத்துவார். மூச்சு விடுவார். ஏதோ யோசிப்பார். பிறகு வாலை அனுப்புவார். அதற்குள் கேட்டவன் முன்பாதியையே உத்தரவாக எடுத்துக்கொண்டு காரியத்தை முடித்திருப்பான்.

“அந்த வடெயத் தின்ன...” என்பார். கை நீளும். “...ண்டாம், நேத்து உள்ளதாக்கும்.” அதற்குள் வாயில் பாதி.

ஒரு கல்யாணத்தில் “மாலையப் போட...” என்று சொல்லி லைட்டைத் திருப்பினாராம். மாப்பிள்ளை போட்டுவிட்டான். “...ண்டாம்” வந்தபோது பெண்ணின் கழுத்தில் மாலை, கேமராவில் இருட்டு. கழற்றி மறுபடி போடச் சொன்னதற்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் சண்டைக்கு வந்து, அந்த வீடியோவில் இன்றைக்கும் மிகத் தெளிவாகத் தெரிவது தாய்மாமன் முகம்தான். இன்னொரு முறை தென்னையில் ஏறினவரைப் பார்த்து “தேங்காயப் போட...” என்றார். அன்று அவரிடமிருந்த இரண்டு லைட்டில் ஒன்று போயிற்று.

எனவே அவரோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர் எது சொன்னாலும் மனசுக்குள் மூன்று எண்ணுவார்கள். வால் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையைக் காலை அசைப்பார்கள். கேமராமேன் ஜஸ்டின் எண்ணும்போது உதடு அசையும்.

கர்த்தரும் எண்ணித்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். டைரக்டர் பக்தியுள்ள மனிதர். ஞாயிறு தவறாமல் ஆலயம். பேய்ப்படம் எடுப்பது பற்றிப் போதகர் முகம் சுளித்தபோது, கடைசியில் பிசாசுதான் தோற்கிறது என்று கதையை விளக்கி அனுமதி மாதிரி ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு நாளும் படப்பிடிப்புக்கு முன் ஜெபம். கொம்பு வைத்த நாங்களும் தலைகுனிந்து நிற்போம். முதல் நாள் அவர் கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்தப் பிசாசுகளையும் நீர் ஆசீர்வதிக்க...” என்று நிறுத்தினார். எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தோம். “...ண்டாம். எங்களை ஆசீர்வதித்தால் போதும்.”

நான் வசனம் எழுதத்தான் அழைக்கப்பட்டேன். வாரப் பத்திரிகைகளில் அவ்வப்போது நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் காட்சியை எழுதிக் கொடுத்தேன். குட்டிச்சாத்தான் ஒரு வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டு பேசுவது. தொழில் புத்தி போகுமா? “மேற்படி ஸ்திரீயை இன்று முதல் யாதொரு வில்லங்கமுமின்றி, என் முழு மனதோடு, சர்வ சுதந்திரமாய் நான் பிடித்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். “இது கொள்ளாம் தம்பி. பேயி கோர்ட்டுக்குப் போனா எடுத்துக்கிடலாம்” என்றார். ‘கொள்ளாம்’ என்றால் எங்கள் பக்கத்தில் ‘நன்றாயிருக்கிறது’. மறுநாள், என் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம்தான் அதிகம் என்பதைக் கண்டுபிடித்து, வசனத்திலிருந்து நடிப்புக்கு மாற்றினார்.

எட்டுக் குட்டிக்கு மூன்று உடை. கோட்டாற்றில் சோபா தைக்கிற பாய் ஒருவர் செய்து கொடுத்தது. வடசேரியில் காய்கறிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் முதல் இரண்டு குட்டிகள். நான் மூன்றாம் குட்டி. ஒரே மரத்தை மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சுற்றி எட்டுப் பேராவோம். உடையை மாட்டும்வரை நான் அவருக்குத் தம்பி. மாட்டிவிட்டால் மரியாதை போய்விடும். “டே மூணாங்குட்டி, குனியாத நில்லு!”

உடை என்றால் முழுக்க ஸ்பாஞ்ச். சோபாவுக்குள் வைக்கிற அதே ஸ்பாஞ்ச், மேலே கறுப்பு ரெக்சின். தலையும் அப்படியே. கண்ணுக்கு நாணய அளவில் இரண்டு ஓட்டை. காதுக்கு ஓட்டை வைக்கவில்லை. “பேய்க்குக் காது எதுக்கு சார்?” என்றார் பாய். நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் காட்சியைச் சொன்னார். மந்திரவாதி துரத்தித் துரத்தி வர, எட்டாவது குட்டி பாறை உச்சியிலிருந்து தண்ணீரில் சாடி மறைகிறது. ‘சாடு’ என்றால் வடக்கே உள்ளவர்களுக்குத் திட்டுவதோ தாக்குவதோதான். எங்களுக்குக் குதிப்பது. “இந்தச் சாட்டமாக்கும் படத்துக்க உயிரு” என்றார். பிறகு நீச்சலைப் பற்றிக் கேட்டார். காய்கறிக் கடைக்காரர்கள் இருவரும், தெரியாது என்று நிம்மதியாகச் சொன்னார்கள். அடுத்து என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

அந்த மூன்று வாரத்தில் உண்மையைச் சொல்ல மூன்று முறை போனேன். முதல் முறை அவர் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பகலில் எடுத்ததையெல்லாம் நீலமாக்கி இரவு செய்துகொண்டிருந்தார். திரையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். “உங்களுக்கு ஓட்டம் நல்லா வருது தம்பி” என்றார். பாராட்டு வாங்கிய கையோடு எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை அவர் வீட்டு வாசல்வரை போய், உள்ளே ஜெபக்கூட்டம் நடக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை, தண்ணீரையே வெள்ளம் என்கிற எங்கள் பேச்சில், போனில் கேட்டேன்.

“அண்ணே, அந்த இடத்துல வெள்ளம் ஆழமா இருக்குமோ?”

“பேடிக்கண்டாம் தம்பி. பாறைக்க அடியில ஒரு படி மாதிரி உண்டு. இடுப்பளவுதான். நானே எறங்கி நின்னு பாத்தேன். அந்தப் படியில சாடினா, நீச்சல் தெரியாதவனுக்கும் ஒண்ணும் வராது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிம்மதியில் புத்தி கெட்டுப்போய், “சேச்சே, ஆழமா இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே” என்று சொன்னேன்.

திருவட்டாறு தாண்டி, கல் எடுத்துக் கைவிட்ட பழைய பாறைமடை. மதியம் பன்னிரண்டு மணி. படத்தில் அது நடுநிசி. முந்தின இரண்டு நாளும் மழை. படி தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் டைரக்டரே காலையில் இறங்கி, படியின் நடுவில் ஒரு கல்லை வைத்து, கல்லில் நூல் கட்டி, நூலின் மேல் முனையில் ஒரு காலி பிளாஸ்டிக் குப்பியை மிதக்கவிட்டிருந்தார். குப்பியில் சிவப்புத் துணி. “குப்பியப் பாத்து சாடணும். குப்பி படத்துல வராது, கவலப்படண்டாம்.”

பாய் என் கொம்புக்குப் பசை போட்டுவிட்டு, உடையைப் பின்னால் தைத்தார். ஜிப் வேலை செய்யவில்லை. தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டு, “சார், ஒரு விஷயம். இது சோபா ஸ்பாஞ்ச். தண்ணி பட்டா குடிச்சிக்கிட்டே இருக்கும். கனக்கும். சட்டுனு மேல வந்திருங்க” என்றார். நான் ஏதோ சொன்னேன். அதற்குள் தலையை மாட்டிவிட்டதால் அவருக்குக் கேட்டிருக்காது.

எட்டடி உயரம். கண் ஓட்டை வழியாகப் பார்த்தால் சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டேன். யோசித்தால் சாட மாட்டேன். ஆகவே யோசிக்கக் கூடாது. ‘சா’ என்ற எழுத்து காதில் விழுந்த உடனே கால் கிளம்பிவிட வேண்டும். மூச்சை இழுத்து, அந்த ஒற்றை எழுத்துக்காக மொத்த உடம்பையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று எண்ண வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். காற்றுக்குக் குப்பி அசைந்திருக்கிறது. கல் சிறியது. மெதுவாக இழுபட்டு, படியின் விளிம்பைத் தாண்டி, ஆழத்தில் நூலோடு தொங்கிவிட்டது. குப்பியும் அதோடு நகர்ந்து, மூன்று முழம் வலப்பக்கம் போய் அமைதியாக மிதந்தது. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டார். கையிரண்டையும் தூக்கிக் கத்தினார்.

“மூணாங்குட்டி, சாட...”

நான் சாடினேன்.

“...ண்டாம்!” என்பது எனக்கு மேலே எங்கோ காற்றில் நின்றதாம்.

காலுக்குப் படி கிடைக்கவில்லை. கிடைக்கும் கிடைக்கும் என்று கீழே போய்க்கொண்டிருந்தேன். முதலில் ஸ்பாஞ்ச் மிதந்தது. நெஞ்சைத் தூக்கிக் கொடுத்தது. ஒரு முறை மேலே வந்தேன். வானம் இரண்டு நாணயமாகத் தெரிந்தது. கத்தினேன், முகமூடிக்குள் என் சத்தம் என் காதிலேயே மோதித் திரும்பியது. பிறகு தைத்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்தது. பாய் சொன்னது சரிதான், குடித்துக்கொண்டே இருந்தது. கையில் ஒரு மூட்டை, காலில் ஒரு மூட்டை. கையை ஒரு முறை தூக்க, ஒரு ஆளைத் தூக்குகிற பலம் வேண்டியிருந்தது. கண் ஓட்டையில் பச்சை, பிறகு கரும்பச்சை. உடையைக் கிழிக்கப் பார்த்தேன். சோபா தைக்கிற நூல் மனிதக் கைக்குக் கிழியாது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அந்த நேரத்தில் பெரிய நினைவுகள் வரும் என்று படித்திருக்கிறேன். எனக்கு வந்தது ஒன்றுதான்: தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

யாரோ என் தலையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு நொடி மேலே போனேன். பிறகு சடக்கென்று விடுபட்டு மறுபடி கீழே. மேலே டைரக்டர் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியபோது அவர் கையில் என் கொம்பு இருந்ததாம். பாயின் பசை அவ்வளவுதான். அவர் கொம்பை எறியாமல், அதைப் பிடித்தபடியே மறுபடி மூழ்கினார். இந்தமுறை கையில் அகப்பட்டது வால். வாலை பாய் ஒட்டவில்லை, தைத்திருந்தார். அந்த வாலைப் பிடித்து, பின்பக்கமாக, மாட்டைக் கரையேற்றுவது மாதிரி என்னைப் படிவரை இழுத்துக்கொண்டு வந்தார். அங்கிருந்து முதல் குட்டியும் இரண்டாம் குட்டியும் தூக்கிப் பாறையில் போட்டார்கள். பாய் கத்தரியால் முதுகை வெட்டித் திறந்தார். நாலு குடம் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பிறகு நான்.

இருமி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடி தண்ணீரில் போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ போலிருந்தார். கொம்பு இன்னும் கையில் இருந்தது.

“நான் சாடண்டாம்னுல்லா சொன்னேன்?”

“பாதிதான் கேட்டேன் அண்ணே.”

“மீதியக் கேக்கண்டாமா?”

மறுபடி இருமினேன். அவர் மெதுவாக, “நீச்சல் தெரியும்னு சொன்னீளே தம்பி” என்றார்.

“சொல்லல்ல அண்ணே. சிரிச்சேன்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து, தன் வேட்டியைப் பிழிந்து, அதன் நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாய்க்குள் ஏதோ ஜெபித்தார். அதில் நிறுத்தமே இல்லை.

அப்போதுதான் ஜஸ்டின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை முதல் குட்டி பார்த்தார்.

“ஏலே, இன்னும் எடுத்துக்கிட்டா இருக்க? மனுசன் சாவக் கிடக்கான்!”

ஜஸ்டின் முகம் வெளிறிவிட்டது. “அண்ணன்தான்... வெள்ளத்துல சாடும்போ என்னப் பாத்து ‘நிறுத்த...’ன்னு கத்தினாவ. நான் மூணு எண்ணினேன். வாலு வரல்ல. அண்ணன் முங்கியாச்சு. அண்ணனுக்கு எப்பவும் பின்னால ஒரு ‘ண்டாம்’ உண்டும்லா? அதான் நிறுத்தண்டாம்னு சொல்ல வந்தாவன்னு நெனச்சேன்.”

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கு அணைந்தது.

படத்தில் அந்தக் காட்சி இருந்தது. முழுசாக, இருபத்திரண்டு விநாடி. அவர் சாடுவதற்கு முன்னால் வெட்டி, நீலமாக்கி, இடி சேர்த்திருந்தார். என்னிடம் அனுமதி கேட்டார், நான் கொடுத்தேன். அதுவும் எழுத்தில் இல்லை, ஒரு சிரிப்புதான்.

வெட்டின பிரதியைக் காட்ட ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்ட மாலையில், இருவரும் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, கேட்டுவிட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு ஜஸ்டின்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?”

அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் நான் பாதி மூழ்கி நின்றிருந்தேன்.

“நிறுத்தச் சொல்லத்தான் தம்பி...” என்றார்.

நான் எண்ணினேன். மூன்று தாண்டிப் பத்து, இருபது, முப்பது. வால் வரவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை மறுபடி ஓடவிட்டார். அந்த வாக்கியம் முடிந்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்காக எட்டடி பாறையிலிருந்து சட்டையோடு சாடிய மனிதர். சாடுகிற அந்த அரை விநாடியில் கேமராவைப் பற்றியும் நினைக்க முடிந்த மனிதர். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் என்ன தடை என்று சில நாள் தோன்றும். சில நாள், முதுகு ஜில்லென்றாகும்.

மகள் அழைத்து டைரக்டர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்குப் போனில் வாழ்த்து வரும், குரல் பதிவாக. ஓடி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருப்பேன்.

அவர் போவதற்கு முன், படத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாறைமடையில் நடந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மனைவி முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் காட்சியைக் கண் இமைக்காமல் பார்த்தாள். மூன்றாம் குட்டி கைகளை வீசி வீசி, கீழே போய், மேலே வந்து, கடைசியாகக் கீழே போயிற்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விளக்கு போட்டதும் அவள் எழுந்து சேலையை உதறினாள்.

“படம் கொள்ளாம். அந்த முங்குற எடத்துலதான் நடிப்பு போராது. வெள்ளத்துல முங்குற ஆளு அப்பிடியா கைய வீசுவான், கல்யாணத்துக்கு ஆளு கூப்பிடுத மாதிரி? ஒரு நாளாவது முங்கிப் பாத்திருந்தாத்தானே தெரியும்.”